சிரிக்க வைக்கிற பேய்க்கதை எழுதப் போறீங்களா? நம்ம கடக்கரையில இருந்தே ஆரம்பிங்க

கதை எழுதிப் பழக்கமே இல்ல, ஆனா வீட்டுல ஒரு ஆறு வயசுப் பிள்ளை ராத்திரி ஆனா போதும் “பேய்க்கதை சொல்லு, ஆனா பயமா இருக்கக்கூடாது”ன்னு சட்டையப் பிடிச்சு இழுக்குது, இல்லன்னா ஸ்கூல்ல லைப்ரரி பீரியடு உங்க தலையில விழுந்திருச்சு, அந்த மாதிரி ஆளுங்களுக்குத்தான் இத எழுதுறேன். ராமநாதபுரம் மாவட்டத்துல மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம், கீழக்கரை, தேவிபட்டினம், தொண்டி பக்கம் இருக்கவங்கன்னா இன்னும் வசதி, கதைக்கு வேண்டிய சாமான் எல்லாம் வாசல்லயே கெடக்கு. பேய், சூனியக்காரி, குறளி, பூதம் எது வேணாலும் எடுத்துக்கங்க, ஆனா அது பிள்ளைக்கு சேக்காளியா இருக்கணும், கதைய கேட்டு முடிச்சதும் அந்தப் பிள்ளை தனியா கொல்லப்பக்கம் போயிட்டு வர்ற தைரியத்தோட இருக்கணும்.

முதல் வேலை: உங்க பேய் எங்க பொறந்துச்சுன்னு முடிவு பண்ணுங்க

எல்லாரும் மொதல்ல பேய்க்கு பேரு வைப்பாங்க, அப்பறம் பல்லு எத்தனை, முடி எம்புட்டு நீளம்னு யோசிப்பாங்க. அதெல்லாம் பின்னால பாத்துக்கலாம். அது எங்கருந்து வந்துச்சுங்கறதுதான் முக்கியம், இந்தக் கடக்கரையில அதுக்கு ஒரு தனிக் காரணமும் இருக்கு.

செத்துப்போன மனுசன் பேயா வர்றதுதான் வழக்கமான பேய்க்கதை. நம்ம ஊருல அது சரிப்படாது. 1964 டிசம்பர் 22 ராத்திரி அடிச்ச புயல்ல தனுஷ்கோடி போச்சு, பாம்பன்ல இருந்து போன ரயிலு ஆளுங்களோட அப்படியே கடல்ல போச்சு, இன்னைக்கும் ராமேஸ்வரம் தீவுல பல வீட்டுல அந்த ராத்திரி போனவங்க போட்டோ சுவத்துல தொங்குது. அத விடுங்க, இப்பவும் கடலுக்குப் போன அப்பா திரும்பி வர்ற வரைக்கும் கரையப் பாத்துக்கிட்டு இருக்கிற பிள்ளைங்கதான் உங்க கதைய கேக்கப் போகுது. “கடல்ல செத்தவரு பேயா வந்தாரு”ன்னு நீங்க ஆரம்பிச்சா அந்தப் பிள்ளைக்கு சிரிப்பு எங்க வரும்? தனுஷ்கோடிக்கு வண்டிய எடுத்துட்டு வந்து இடிஞ்ச சர்ச்சு முன்னாடி நின்னு “பேய் நகரம்”னு வீடியோ போடுறவங்கள பாத்தா எனக்கு நெஞ்சு எரியும், அங்க குடிசை போட்டு மீன் பிடிக்கிற குடும்பங்க இருக்கு, சுத்திப் பாக்க வர்றவங்களுக்கு மீனு பொரிச்சுக் குடுக்குற பொம்பளைங்க இருக்காங்க, அது பேயோட ஊரு ஆகாது. இடிஞ்ச ஸ்டேசன், சர்ச்சு, தண்ணி டேங்க்கு இதையெல்லாம் காமெடி பேய்க்கு வீடா வைக்காதீங்க, இத மட்டும் கேட்டுக்கிட்டீங்கன்னாலே எனக்குப் போதும்.

அப்ப பேய் எங்கருந்து வரும்? காத்துல இருந்து வரலாம். நம்மகிட்ட நாலு காத்துக்கு நாலு பேரு இருக்கு: கெழக்க இருந்து கொண்டல், மேக்க இருந்து கச்சான், வடக்க இருந்து வாடை, தெக்க இருந்து சோழகம். நாலு அக்கா தங்கச்சி சூனியக்காரிங்கன்னு வச்சுக்கங்க. வாடை எப்பவும் ரெண்டு ஸ்வெட்டர் போட்டுக்கிட்டு “குளுருது குளுருது”ன்னு பொலம்பிக்கிட்டே மார்கழியில வருவா. கச்சான் வந்தா ஊரு பூரா மண்ணு, அவ தலைய சீவவே மாட்டா. கொண்டலுக்கு கையில மழைத்தண்ணி ஒழுகிக்கிட்டே இருக்கும், யாரு வீட்டுக்குள்ளயும் விட மாட்டாங்க. சோழகம் நல்ல பிள்ளை, ஆனா மதியத்துல தூங்கிருவா. பாருங்க, நாலு வரியில நாலு ஆளு வந்திருச்சு, இதுல யாரும் சாகல.

இன்னும் எடம் எவ்வளவோ இருக்கு. கரையில கெடக்குற பழைய சங்குக்குள்ள, பனைமரத்து உச்சியில கட்டுன கலயத்துக்குள்ள, பூங்கோரைங்கற பாசி படர்ந்து கடல் பச்சையா ஆகுற நாள்ல அந்தப் பச்சைக்குள்ள, விசைப்படகோட ஐஸ் ரூமுக்குள்ள. வடகடலும் தென்கடலும் தீவோட கோடியில இருக்கிற அரிச்சல்முனையில சேருது, ஒண்ண பொண்ணு கடல்னும் இன்னொண்ண ஆம்பள கடல்னும் சொல்லுவாங்கல்ல, ரெண்டுக்கும் நடுவுல மணலு மேல குந்தி ரெண்டு பக்கமும் பஞ்சாயத்து பண்ற பூதம் ஒண்ணு போதும் ஒரு முழுக்கதைக்கு.

கூம்புத் தொப்பி, கறுப்பு அங்கி, தொடப்பத்துல பறக்குறது, பூசணிக்காய்க்குள்ள வெளக்கு இதெல்லாம் குளிர் நாட்டுச் சரக்கு, அங்க அக்டோபர் 31 ஹாலோவீனுக்கு அதுக்கு ஒரு அர்த்தம் இருக்கு. நம்ம ஊரு சித்திரை வெயில்ல கறுப்பு அங்கி போட்டா சூனியக்காரி மயங்கி விழுந்திருவா, அதுவுமில்லாம நம்ம ஊருல வெளக்கமாறு பேய ஓட்டுறதுக்கு உள்ள சாமான், அதுல ஏறி அவளே பறந்தா பிள்ளைங்க குறுக்குக் கேள்வி கேக்கும். அவளுக்கு வேற வண்டி குடுங்க. எனக்குப் பிடிச்சது ஆவுளியா, அதான் கடல் பசு. அவசரமா போகணும்னு சூனியக்காரி அதுமேல ஏறி உக்காருவா, அது சாவகாசமா கடல் புல்ல மேஞ்சுக்கிட்டு, மூச்சு விட அப்பப்ப மேல வந்து, திரும்ப உள்ள போயி, மேக்க போகணும்னா கெழக்க போகும். பனங்காட்டு சூனியக்காரின்னா அவளுக்கு மந்திரச் சட்டி எதுக்கு, பதநீர் காய்ச்சுற சட்டியே போதும், சாயல்குடி பக்கம் கருப்பட்டி காய்ச்சுறவங்கள ஒரு தடவ பக்கத்துல நின்னு பாத்தீங்கன்னா பாகு கொதிக்கறதும், பதம் பாக்கறதும், சிரட்டையில ஊத்தி ஆற வைக்கறதும் எல்லாமே மந்திரம் மாதிரித்தான் இருக்கும். கலயத்துல சுண்ணாம்பு தடவ மறந்தா பதநீர் புளிச்சுப் போகும்ல, அது மாதிரி மந்திரத்துல ஒரு பொருள அவ மறக்கட்டும், அந்தக் கருப்பட்டிய சாப்புட்ட தலைமை ஆசிரியரு ஒரு நாள் பூரா பாட்டாவே பேசட்டும்.

ரெண்டாவது: பேய்க்கு ஒரு ஆசை, ஒரு விதி

ஆசைன்னா சின்னதா இருக்கணும். உலகத்த ஆளணும்னு ஆசைப்படுற பேய் பிள்ளைங்களுக்கு சிரிப்பு வராது, மீன் கொழம்பு வேணும்னு ஆசைப்படுற பேயப் பாத்தா உடனே சிரிப்பு வரும். நம்ம வீட்டுல கவுச்சிய தூக்குச்சட்டியில போட்டு அடுத்த தெருவுக்குக் குடுத்து விட்டா மேல ஒரு கரித்துண்டு போட்டு விடுவாங்க, பேய் அண்டாதுன்னு. அந்தப் பேயோட பக்கத்துல இருந்து யோசிங்க. எத்தனை வருசமா கொழம்பு வாசம் பிடிச்சுக்கிட்டே பின்னாடி வருது, ஒவ்வொரு தடவையும் தூக்க தொறந்தா கரித்துண்டு, அதுக்கு பல்லெல்லாம் கறுப்பாயிருச்சு. பிள்ளைங்களுக்கு அது மேல எரக்கமே வந்திரும், யாராச்சும் ஒரு பிள்ளை “நான் கரி போடாம கொண்டு வர்றேன்”னு சொல்லும், அங்கதான் உங்க கதை ஆரம்பிக்குது.

விதிங்கறது பேயால எது முடியும், எது முடியாதுங்கறது. நம்ம பழைய கதைங்க இதுல கெட்டிக்காரத்தனமா இருக்கும். விக்கிரமாதித்தன் தோள்ல தொங்குற வேதாளம் கதை சொல்லி கேள்வி கேக்கும், பதில் தெரிஞ்சும் சொல்லலன்னா தலை வெடிக்கும், சொன்னா மவுனம் கலைஞ்சு அது முருங்கை மரத்துக்குப் பறந்திரும், இந்த ஒரே விதிய வச்சு எத்தனை கதை ஓடுச்சுன்னு பாருங்க. அப்பறம் வேலை குடுத்துக்கிட்டே இருக்கணும் இல்லன்னா உன்னையே தின்னுருவேன்னு சொல்ற பூதத்துக்கிட்ட நாய் வால நிமித்தச் சொல்ற கதை. அதுலயும் ஒரு விதி, அந்த விதியிலேயே ஒரு ஓட்டை, ஓட்டையில சிரிப்பு. உங்க பேய்க்கும் ஒரே ஒரு விதி வைங்க. ரெண்டு வச்சா பிள்ளைங்க ஒண்ண மறந்திரும், மூணு வச்சா நீங்களே மறந்திருவீங்க.

விதி எங்கருந்து எடுக்கறதுன்னு முழிக்க வேணாம், ஊருல ஏற்கனவே இருக்கிற விதிய பேய்க்கும் போட்டு விடுங்க. பழைய பாம்பன் பாலத்துல ரயில் ஓடுன காலத்துல, காத்து மணிக்கு 58 கிலோமீட்டர் வேகத்த தாண்டுனா சிக்னல் கெடைக்காது, ரயில் நின்னுரும். அப்ப பறந்து வர்ற சூனியக்காரியும் நிக்கணும், செவப்பு வெளக்கு எரியுதே, சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதானே. 2025 ஏப்ரல்ல தொறந்த புதுப் பாலத்துல நடுவுல இருக்கிற 72.5 மீட்டர் துண்டு லிஃப்ட்டு மாதிரி நேரா 17 மீட்டர் மேல போகும், அதுல ஒரு குட்டிப்பேய் குடியிருந்து, கப்பல் எப்படா வரும், எப்படா மேல தூக்குவாங்கன்னு ராட்டினத்துக்குக் காத்துக்கிட்டு இருக்க பிள்ளை கணக்கா உக்காந்திருக்கட்டும். கடலுக்குப் போகணும்னா படகுக்கு டோக்கன் வாங்கணும்ல, பேயும் போயி டோக்கன் ஆபீஸ்ல வரிசையில நிக்கட்டும், “படகு நம்பர் என்ன?”ன்னு கேட்டா முழிக்கட்டும். இந்த டோக்கன் விசயத்துக்கு எங்க தெருப் பிள்ளைங்க விழுந்து விழுந்து சிரிக்கும், ஏன்னா அது அவங்க அப்பா தினம் பேசுற பேச்சு.

ஒரு கதைய கட்டிப் பாப்போம்

சொல்லிக்கிட்டே போனா வெளங்காது, செஞ்சு காட்டுறேன். பேய் பேரு சில்லு. பொறந்தது விசைப்படகு ஐஸ் ரூம்ல, ஐஸ்ல இருந்து எந்திரிக்கிற வெள்ளப் பொகையில. விதி: சூடு பட்டா உப்புத்தண்ணியா கீழ ஊத்திரும், குளுந்தா திரும்ப ஒண்ணு சேரும். ஆசை: குளுகுளுன்னு தூங்க ஒரு எடம். எப்ப நடக்குதுன்னா மீன்பிடி தடைக்காலத்துல, ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாளு விசைப்படகு கரையில நிக்கும், ஐஸ் ரூமு காலி, மேல வெயிலு கொளுத்துது, ஸ்கூலும் லீவு. பாருங்க, காலத்த சரியா பிடிச்சதும் பிரச்சினை தானா வந்திருச்சு, நம்ம ஒண்ணும் இழுத்துட்டு வரல. அப்பாவும் வீட்டுல இருப்பாரு, வலைய செப்பனிட்டுக்கிட்டு.

சில்லு எங்க போகும்? ஃப்ரிட்ஜு இருக்கிற வீட்டுக்குத்தான்.

ஜெனி ஃப்ரிட்ஜ தொறந்தா. தண்ணி பாட்டிலுக்குப் பக்கத்துல ரெண்டு கண்ணு.
“கதவ சாத்து. சூடு வருது.”
ஜெனி சாத்திட்டா. கொஞ்ச நேரம் நின்னா. திருப்பித் தொறந்தா.
“இப்பத்தான சொன்னேன்?”
“நீ யாரு?”
“பேய்.”
“பேயின்னா எங்க அப்பத்தா வெளக்கமாத்த எடுத்துட்டு வரும்.”
“வரட்டும். வந்துட்டு கதவ சாத்திட்டுப் போகச் சொல்லு.”
ஜெனி யோசிச்சா. “நேத்து இங்க இருந்த ஊளி மீன் கொழம்பு எங்க?”
ரெண்டு கண்ணும் மெதுவா மூடிக்கிச்சு.

இதுல சில்லு எந்த சேட்டையும் பண்ணல, மூஞ்சிய கோணல, “ஹா ஹா ஹா”ன்னு கத்தல. அதுக்கு கதவு சாத்தணும், அம்புட்டுதான், அதுலயே நிக்குது. பயப்பட வேண்டிய பிள்ளை கொழம்பு கணக்கு கேக்குது. சிரிப்புப் பேய்க்கதையில பேய் எப்பவும் சீரியஸா இருக்கணும், அதுக்கு அது உசுரு போற விசயம், நமக்குத்தான் சிரிப்பு. எழுத ஆரம்பிக்கிறவங்க பேயையே ஜோக்கு அடிக்க விட்டுருவாங்க, பேயும் சிரிச்சு, பிள்ளையும் சிரிச்சு, கதை சொல்றவரும் சிரிச்சா கேக்குறவனுக்கு சிரிக்க ஒண்ணுமே மிச்சம் இருக்காது.

அடுத்து மூணு முயற்சி வைங்க. ஃப்ரிட்ஜுல இருக்க முடியாது, கரண்டு போயிருச்சு, சில்லு ஒழுகி தரையெல்லாம் உப்புத்தண்ணி, அம்மா மெக்கானிக்க கூப்புட்டுருச்சு. ரெண்டாவது, மீன் ஐஸ் வைக்கிற தெர்மாகோல் பெட்டியில வச்சு ஐஸ் பிளான்ட்டுக்கு சைக்கிள்ல தூக்கிட்டுப் போறா, தடைக்காலம்னு அங்க பூட்டு. மூணாவது குச்சி ஐஸ்காரரு பெட்டிக்குள்ள ஒளிச்சு வைக்கிறா, சில்லு உள்ள இருந்த அத்தனை சேமியா ஐஸையும் தின்னுட்டு ஏப்பம் விடுது. மூணும் தோத்த பெறகு அப்பத்தா வருது. இந்த எடத்த நிதானமா எழுதுங்க.

அப்பத்தா பாசி எடுக்கப் போறவங்க. கண்ணுக்கு கண்ணாடி, சேலைக்கு மேல ஆம்பள சட்டை, வெரலு பூரா துணி சுத்தியிருக்கு, தோள்ல பாசி மூட்டை, தலையில இருந்து தண்ணி சொட்டச் சொட்ட கடல்ல இருந்து எந்திரிச்சு நடந்து வருது. சில்லு அத பாத்துட்டு “அய்யோ பேயி!”ன்னு அலறிக்கிட்டு ஜெனி முதுகுக்குப் பின்னாடி ஒளியுது. சத்தமா வாசிங்க, இங்க கண்டிப்பா ஒரு வெடிச் சிரிப்பு வரும், ஏன்னா பேய்க்கே பேய் பயம். இதுல அப்பத்தாவ யாரும் கேலி பண்ணல பாருங்க, பயந்தது சில்லு, பெரிய ஆளு அப்பத்தா. அவங்க மூட்டைய எறக்கி வச்சு, “என்னத்தா, ஏன் இப்புடி ஒழுகுற?”ன்னு சில்லுவையும் பேத்திய கூப்புடற மாதிரியே கூப்புட்டு, அடுப்படியில இருக்கிற மண்பானைய ஈரத்துணி சுத்தி மணலு மேல வச்சு அதுக்குள்ள எறக்கி விடுது. பானை குளுருது. கரண்டும் வேணாம், ஐஸும் வேணாம்.

தடைக்காலம் முடியிற அன்னைக்கு சில்லு டோக்கன் ஆபீஸுக்குப் போகுது. அத எப்படி முடிக்கிறதுன்னு உங்க வீட்டுப் பிள்ளைங்ககிட்டயே கேளுங்க.

பயம் எவ்வளவு போடலாம்

கொஞ்சம் பயம் வேணும், இல்லன்னா அது பேய்க்கதையே இல்ல. ஆனா கேக்குற பிள்ளைக்கு விசயம் கதையில வர்ற பிள்ளைக்கு முன்னாடியே தெரிஞ்சிரணும். அதாவது சில்லு வெயில்ல “கால் சுடுது, கால் சுடுது”ன்னு குதிச்சு குதிச்சு ஓடி வர்றத மொத பக்கத்துலயே காட்டிருங்க, அப்பறம் ஜெனி இருட்டுல ஃப்ரிட்ஜ தொறக்கும்போது கேக்குற பிள்ளை “அது சில்லுதான், பயப்படாத!”ன்னு கத்தும். பிள்ளைக்கு அந்த பெரிய மனுசத்தனத்த குடுக்கணும்.

ஆறு வயசுக்குக் கீழன்னா இருட்டு, தனியா விட்டுட்டுப் போற அம்மா, பூட்டுன ரூமு இதெல்லாம் வேணாம். ஏழு எட்டு வயசுக்கு ஒரு எடத்துல கொலுசு சத்தமோ மல்லிகைப்பூ வாசமோ வரலாம், ஆனா அடுத்த பக்கம் திருப்பறதுக்குள்ள காரணம் தெரிஞ்சிரணும். பத்து வயசத் தாண்டுனவங்க இன்னும் பயமா வேணும்பாங்க, குடுங்க, ஆனா சிரிப்ப குறைக்காதீங்க.

இதுல சிரிக்கக் கூடாது

குண்டு, கறுப்பு, மூக்கு நீளம், பல்லு துருத்தல், கால் விந்தல் இத வச்சு சூனியக்காரிய அசிங்கமா காட்டி சிரிக்க வைக்காதீங்க. கேக்குற கூட்டத்துல அதே மாதிரி ஒரு பிள்ளை உக்காந்திருக்கும், அடுத்த நாள்ல இருந்து அந்தப் பிள்ளைக்கு அதான் பேரு. தெருக்கோடியில தனியா இருக்கிற கெழவிய சூனியக்காரின்னு வைக்கிறதும் அப்படித்தான், நெசமாவே நம்ம ஊருகள்ல தனியா இருக்கிற பொம்பளைங்கள அப்படிச் சொல்லி ஒதுக்கியிருக்காங்க. கெழவிதான் வேணும்னா ஊரே அவ வீட்டுத் திண்ணையில கெடக்குற மாதிரி எழுதுங்க.

யார் மேலயோ பேய் பிடிச்சு ஆடுறது, மந்திரிக்கிறது, கட்டிப் போடுறது, இது ஒரு காமெடி சீனா சினிமாவுல நெறைய வருது. நம்ம மாவட்டத்துல அத செய்யவே கூடாதுன்னு நெனைக்கிறேன். மனநலம் சரியில்லாதவங்களுக்கு பேய் பிடிச்சிருக்குன்னு சொல்லி சங்கிலியில கட்டி வச்சிருந்த ஏர்வாடிக் கொட்டகையில 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி தீப்பிடிச்சு 28 பேரு ஓட முடியாம இறந்து போனாங்க. அது தெரிஞ்சவங்களுக்கு அந்த சீன் சிரிப்பு வராது. உங்க பேய் யார் ஒடம்புலயும் ஏற வேணாம், ஃப்ரிட்ஜுல ஏறட்டும், ஷேர் ஆட்டோல ஏறட்டும்.

கீழக்கரை, பெரியபட்டினம் பக்கத்துப் பிள்ளைங்களும் கேக்குறாங்கன்னா ஜின்ன காமெடி ஆளா கொண்டு வராதீங்க, அது அவங்க மார்க்க நம்பிக்கையோட சேந்தது. சாமியாடுறத, குலதெய்வத்த, முனிய எடுக்கறதும் அதே கணக்குதான். நீங்களா உண்டாக்குன பேய்க்கு யாரும் சண்டைக்கு வர மாட்டாங்க.

பேச்சு எப்படி இருக்கணும்

கதை சொல்ற வரி எளிமையான தமிழ்ல இருக்கட்டும், ஆளுங்க பேசுறது அவங்க வீட்டுப் பேச்சா இருக்கட்டும். தங்கச்சிமடத்து ஜெனி அப்பத்தான்னு கூப்புடுவா, கீழக்கரைப் பிள்ளை உம்மா, வாப்பா, ராத்தான்னு கூப்புடும், அத மாத்தி எல்லாருக்கும் “பாட்டி”, “அக்கா”ன்னு போட்டா ஊரே காணாமப் போயிரும். சத்தம் நெறைய வைங்க: சொட்டு சொட்டுன்னு, கிடுகிடுன்னு, மொறுமொறுன்னு, தொபுக்கடீர்னு. ஒரு வரிய கதை பூரா திரும்பத் திரும்ப வர வைங்க, சில்லுவுக்கு “கதவ சாத்து”. மூணாவது தடவ வரும்போது பிள்ளைங்களே உங்களுக்கு முன்னாடி சொல்லிரும்.

வரி சின்னதா இருக்கணும். நான் இங்க எழுதுற மாதிரி நீட்டி நீட்டி பிள்ளைங்களுக்கு எழுதக்கூடாது, ஒரு மூச்சுல வாசிக்க முடியாத வரிய ரெண்டா ஒடைங்க.

வாசிச்சுக் காட்டுங்க

எழுதி முடிச்சதும் பெரியவங்ககிட்ட காட்டாதீங்க, “நல்லாருக்கு”ன்னு சொல்லிட்டுப் போயிருவாங்க. சாயங்காலம் நாலு, நாலரைக்கு வெயிலு தணிஞ்சதும் தெருப் பிள்ளைங்க நாலஞ்சு பேர உக்கார வச்சு சத்தமா வாசிங்க, மொத தடவ ராத்திரியில வேணாம். கையில பென்சில் வச்சுக்கங்க. சிரிச்ச எடத்துல ஒரு டிக்கு, பக்கத்துல இருக்கவன நோண்ட ஆரம்பிச்ச எடத்துல ஒரு கோடு, அம்மா பக்கம் ஒட்டி உக்காந்த எடத்துல ஒரு வட்டம். கோடு போட்ட எடத்த வெட்டிருங்க, எவ்வளவு அழகா எழுதியிருந்தாலும் சரி. வட்டம் போட்ட எடத்துல பயம் கூடிப்போச்சு, அதுக்கு முந்துன பக்கத்துலயே பேயோட சங்கடம் எதையாச்சும் காட்டுங்க.

மறுநாளு அதே பிள்ளைகள்ல ஒருத்தன கூப்புட்டு கதைய அவன திருப்பிச் சொல்லச் சொல்லுங்க. அவன் விட்டுட்டுப் போற ஆளு கதைக்குத் தேவையில்லாத ஆளு. அவன் சேத்துச் சொல்ற விசயம் இருக்குல்ல, “அப்பறம் சில்லு ஜெனி அப்பா காப்பிக்குள்ள விழுந்திருச்சு”ன்னு அவனா ஒண்ணு விடுவான், அத அப்படியே எழுதி வச்சுக்கங்க, அடுத்த கதைக்கு ஆகும்.

நீளம், படம், புத்தகம்

நீளத்துக்கு ஒரு கணக்கு வேணும்னா பிரதம் புக்ஸோட ஸ்டோரிவீவர் தளத்துல போட்டிருக்க வாசிப்பு நிலைய வச்சுக்கங்க: மொத நிலைக்கு 250 வார்த்தை வரைக்கும், ரெண்டாவதுக்கு 600 வரைக்கும், மூணாவதுக்கு 1500 வரைக்கும், அதுக்கு மேல போனா நாலாவது. மொதக் கதைய 600க்குள்ள முடிக்கப் பாருங்க, சில்லு கதை அதுல அடங்கும். அந்தத் தளத்துல தமிழ்ல காசு இல்லாம வாசிக்கலாம், அங்க இருக்கிற படத்த எடுத்து உங்க கதைக்கு வச்சு நீங்களே புத்தகமாவும் போடலாம், ஆனா போட்டா மத்தவங்களும் உங்க பேரச் சொல்லி அத எடுத்து மொழிபெயர்க்கலாம், மாத்தலாம், அதுக்கு சம்மதம்னாதான் போடுங்க. அரசுப் பள்ளிக்கு வர்ற ஊஞ்சல், தேன்சிட்டு இதழ்கள வாங்கி எந்த வயசுக்கு எவ்வளவு பெரிய வரி போடுறாங்கன்னு பாத்துக்கறது நல்லது, முக்கியமா அதுல பிள்ளைங்களே எழுதுன பக்கங்கள பாருங்க.

கம்ப்யூட்டர் எல்லாம் வேணாம்னா நாலு ஏ-4 பேப்பர எடுத்து நடுவுல மடிச்சு ஒண்ணுக்குள்ள ஒண்ணு சொருகி ஸ்டேப்ளர் அடிங்க, பதினாறு பக்கம் வந்திரும். அட்டை முன்னாடி பின்னாடி ரெண்டு ரெண்டு பக்கம் போக உள்ள பன்னண்டு பக்கம். சில்லு கதைக்கு அத இப்படிப் பிரிக்கலாம்: வெயில்ல ஓடி வர்றது ரெண்டு பக்கம், ஃப்ரிட்ஜு ரெண்டு பக்கம், மூணு முயற்சிக்கும் மூணு பக்கம், அப்பத்தா கடல்ல இருந்து எந்திரிச்சு வர்றது ரெண்டு பக்கமும் சேத்து ஒரே பெரிய படம், பானை ஒரு பக்கம், டோக்கன் ஆபீஸ் ஒரு பக்கம், கடைசிப் பக்கம் காலி. பக்கம் திருப்புற எடத்துல ஏதாச்சும் ஒண்ணு ஒளிஞ்சிருக்கணும், “ஜெனி ஃப்ரிட்ஜ தொறந்தா” வலது பக்கத்துல கீழ முடியணும், ரெண்டு கண்ணு அடுத்த பக்கத்துல.

படம் பிள்ளைங்களையே வரையச் சொல்லுங்க, கிரேயான் போதும். படகு வரைஞ்சா நங்கூரம், கொடிக்கம்பு, நம்பர் எல்லாம் கரெக்டா இருக்கும், மீனவர் வீட்டுப் பிள்ளைங்க அதுல உங்கள விட கெட்டி. சில்லுவ எப்படி வரையறதுன்னு மட்டும் நீங்க சொல்லாதீங்க, ஆளுக்கு ஒரு மாதிரி வரைவாங்க, ஒருத்தன் வாலு வைப்பான், ஒருத்தி ரிப்பன் கட்டி விடுவா, பக்கத்துக்குப் பக்கம் மாறுனாலும் பரவாயில்ல, அது ஒழுகி ஒழுகி ஒண்ணு சேர்ற பேய்தானே. ஜெராக்ஸ் எடுக்கறதுக்கு முன்னாடி ஒரிஜினல பத்திரமா எடுத்து வைங்க, கலரு ஜெராக்ஸுக்கு காசு கூட ஆகும், கறுப்பு வெள்ளையில எடுத்து ஆளுக்கு ஒரு காப்பி குடுத்துட்டா கலர அவங்களே அடிச்சுக்குவாங்க.